42 டாலரில் ஒரு வாரம்: கேள்வி பதில்

அமெரிக்காவில் வருமானம் குறைந்தவர்களுக்கு அரசு தரும் உணவு உதவியின் பெயர் ஸ்நாப். 2008 வரை ஃபுட் ஸ்டாம்ப். அந்தத் தொகைக்குள் ஒரு வாரம் சாப்பிட்டுப் பார்ப்பதை 'ஸ்நாப் சேலஞ்ச்' என்கிறார்கள். நான் இரண்டு தடவை செய்திருக்கிறேன். சனிக்கிழமைகளில் நியூ ஜெர்சியில் ஓர் உணவு வங்கிக்கு, அதாவது இல்லாதவர்களுக்கு இலவசமாக உணவுப் பொருள் தரும் இடத்துக்கு, உதவிக்குப் போகிறேன். வந்த கேள்விகளுக்கு என் பதில்கள்.

கேள்வி: விதிமுறை என்ன?

உதவித்தொகை சராசரியாக ஒருவருக்கு நாளொன்றுக்குச் சுமார் 6 டாலர். வாரத்துக்கு 42. வீட்டில் ஏற்கெனவே இருக்கும் பண்டத்தைத் தொடக்கூடாது, ஓசிச் சாப்பாடும் கூடாது. ஆபீஸ் டோனட் உட்பட.

கேள்வி: சோறு, பருப்பு என்று சாப்பிடும் நமக்கு இது சுலபம்தானே அக்கா?

நானும் அந்த மிதப்பில்தான் ஆரம்பித்தேன். 20 பவுண்டு (சுமார் 9 கிலோ) அரிசி மூட்டைதான் மலிவு. ஆனால் அதை எடுத்தால் வாரப் பணத்தில் பெரும்பகுதி அங்கேயே போய்விடும். சின்னப் பை வாங்கினால் பவுண்டுக்கு விலை கூடுதல். கையில் மொத்தமாகக் காசு இல்லாதவர்தான் அதிக விலை கொடுக்கிறார்.

அப்புறம் அஞ்சறைப் பெட்டி. முதல் தடவை அதை 'கணக்கில் வராது' என்று எடுத்துக்கொண்டேன். சுத்தமான கள்ளாட்டம்! இரண்டாம் தடவை எண்ணெய், உப்பு, கடுகு, மிளகாய்த்தூள் மட்டும் வாங்கினேன். புளிக்கும் பெருங்காயத்துக்கும் காசு இல்லை, காபித்தூளுக்கும் இல்லை. இரண்டு நாள் தலைவலி. புதன்கிழமை சோறு அடிபிடித்துவிட்டது. வேறு சமயமாக இருந்தால் கொட்டிவிட்டு பீட்ஸா சொல்லியிருப்பேன். அன்று கருகல் வாடையோடு மேல்சோற்றைச் சாப்பிட்டேன். பசியாவது பரவாயில்லை, கை தவறவே கூடாது என்ற பயம்தான் ஆளை அயர்த்திவிட்டது.

கேள்வி: ஸ்நாப் பணம் ஏறும் அட்டையில் எதை வாங்கலாம்?

சூடாக விற்காத உணவுப் பொருள் கிட்டத்தட்ட எல்லாம். இட்லி மாவு வாங்கலாம், சுடச்சுட இட்லி வாங்க முடியாது. சோப்பு, டயப்பர், மாத்திரை கிடையாது. தக்காளி விதையும் நாற்றும் வாங்கலாம் என்பது பலருக்குத் தெரியாது.

கேள்வி: ஒரு நடிகை எலுமிச்சை வாங்கிக் கேலிக்கு ஆளானாரே?

க்வினெத் பால்ட்ரோ, 2015இல். அவருடைய வாரப் பணம் 29 டாலர், அதில் ஏழு பச்சை எலுமிச்சையும் வாங்கினார்! நான்கு நாளில் விட்டுவிட்டார். 2012இல் நியூ ஜெர்சியின் நியூவார்க் நகர மேயராக இருந்த கோரி புக்கர் ஒரு வாரத்தை முடித்தார்.

கேள்வி: வசதியானவர்கள் ஏழை வேஷம் போடுவது நாடகம் இல்லையா?

பாதி ஒப்புக்கொள்கிறேன். எட்டாம் நாள் காலையில் காபி உண்டு என்று எனக்குத் தெரியும். பையைச் சுமந்து பஸ்ஸுக்கு நிற்கவில்லை, எந்தப் படிவமும் நிரப்பவில்லை.

கணக்கிலும் ஒரு கோளாறு இருக்கிறது. ஸ்நாப் முழுச் சாப்பாட்டுச் செலவுக்கு என்று வகுத்ததில்லை. சில செலவுகளைக் கழித்து மிஞ்சும் வருமானத்தில் 30 சதவீதத்தைக் குடும்பமே சாப்பாட்டுக்குப் போடும் என்று வைத்து, உச்சத்தொகையிலிருந்து அதைக் கழித்துத் தருகிறார்கள். வருமானமே இல்லாதவருக்கு உச்சத்தொகை கிடைக்கும். அதனால் சராசரியை மட்டும் வைத்து வாழ்வது மிகை என்பவர்கள் சொல்வதிலும் நியாயம் உண்டு. ஆனால் அந்த 30 சதவீதம் வாடகைக்குப் போய்விட்டால்? மாதக் கடைசிச் சனிக்கிழமைகளில் எங்கள் உணவு வங்கியில் வரிசை நீளுவதைப் பார்க்கிறேன்.

கேள்வி: சென்னையிலிருந்து கேட்கிறேன். நம் ரேஷன் கடை மாதிரியா?

இல்லை. அங்கே அரிசியாகவே தருகிறார்கள். இங்கே அட்டையில் பணம் ஏறும், எந்தப் பண்டம் என்பது உங்கள் விருப்பம்.

கேள்வி: எச்1பி வேலை விசாவில் இருப்பவர் விண்ணப்பிக்கலாமா?

முடியாது. கிரீன் கார்டு வாங்கிய பெரியவர்களும் பொதுவாக ஐந்து வருடம் காத்திருக்க வேண்டும்.

கேள்வி: நாங்களும் குடும்பத்தோடு செய்யலாமா?

சின்னப் பிள்ளைகளையும் சர்க்கரை நோயாளிகளையும் விட்டுவிடுங்கள். மிச்சமான பணத்தைப் பக்கத்து உணவு வங்கிக்குக் கொடுங்கள். பொருளாகத் தருவதானால் என்ன வேண்டும் என்று முதலில் கேளுங்கள். எங்கள் இடத்தில் பாஸ்தா டப்பா குவிந்து கிடக்கிறது, பத்து மணிக்குள் தீர்ந்துபோவது டயப்பர்தான்.