கிரீன் கார்டுக்காரர் வாக்காளராகப் பதிவு செய்யலாமா?

ஓட்டுநர் உரிமம் எடுக்கப் போன இடத்தில், "வாக்காளராகவும் பதிவு செய்துகொள்கிறீர்களா?" என்று கேட்டார்களாம். நிரந்தரமாகத் தங்க அனுமதிக்கும் கிரீன் கார்டுதான் இருக்கிறதே, சரி என்று சொல்லலாமா என்றும், இந்த அமெரிக்காவில் எது யார் கையில் இருக்கிறது என்றும் கேட்டிருக்கிறீர்கள், தம்பி.

கூடவே கூடாது. 1993-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி பெரும்பாலான மாநிலங்களில் உரிமம் வாங்க வருபவர்களிடம் அப்படிக் கேட்பது வழக்கம். கேட்டுவிட்டதால் தகுதி வந்துவிடாது. 'நான் அமெரிக்கக் குடிமகன்' என்ற கட்டத்தில் குறியிட்டுக் கையெழுத்தும் போட்டுவிட்டால் அது பொய் வாக்குமூலம். பின்னால் குடியுரிமை விண்ணப்பத்தில் இடிக்கும்; நாடு கடத்தல் வரைகூட இழுத்துக்கொண்டு போகும். கவுண்டரில் இருப்பவர் எவ்வளவு கனிவாகக் கேட்டாலும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

அந்த உரிமத்தைத் தருவது உங்கள் மாநிலம். குடியேற்றம், பாஸ்போர்ட், ராணுவம் எல்லாம் வாஷிங்டனில் இருக்கும் மத்திய அரசின் கையில். பிள்ளைகள் படிக்கும் அரசுப் பள்ளியை நடத்துவது பெரும்பாலும் உள்ளூரில் தேர்ந்தெடுக்கப்பட்ட பள்ளி வாரியம். வீட்டு வரியில் கணிசமான பங்கு அங்கேதான் போகிறது. அதிபர் தேர்தலுக்கு நம்மவர்கள் விடிய விடியத் தொலைக்காட்சி பார்ப்பார்கள். பள்ளி வாரியத் தேர்தல் என்றைக்கு என்று கேட்டால் விழிப்பார்கள்.

ஆளுநர் என்றதும் டெல்லி அனுப்பிவைக்கும் ஆளுநரை நினைத்துக்கொள்ளாதீர்கள். இங்கே அவர் மக்கள் ஓட்டில் ஜெயித்து வருகிறவர். வேலையைப் பார்த்தால் நம் முதலமைச்சர் மாதிரி. அதிபருக்கும் பதவியில் நீடிக்க நாடாளுமன்றப் பெரும்பான்மை தேவையில்லை; அவராலும் அதைக் கலைக்க முடியாது. நாடாளுமன்றத்தின் மேலவையான செனட்டில் மாநிலத்துக்கு இருவர். ஆறு லட்சம் பேர்கூட இல்லாத வயோமிங்குக்கும் இரண்டு, ஏறக்குறைய நான்கு கோடிப் பேர் வாழும் கலிஃபோர்னியாவுக்கும் இரண்டு! எனக்கு இது இன்றுவரை ஒப்பவில்லை. கீழவையான பிரதிநிதிகள் சபையின் 435 இடங்கள் மக்கள்தொகைப்படி பிரிக்கப்படுகின்றன.

குடியுரிமைக்குப் பொதுவாகக் கிரீன் கார்டு பெற்று 5 ஆண்டுகள் ஆக வேண்டும். 90 நாள் முன்னதாகவே விண்ணப்பிக்கலாம். உறுதிமொழி எடுத்தால் இந்தியக் குடியுரிமை போய்விடும். இந்தியா இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை. ஊருக்குப் போய்வர, வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கு இந்தியா தரும் ஓசிஐ அட்டை வாங்கிக்கொள்ளலாம், ஆனால் அங்கே ஓட்டுரிமை கிடையாது. வீட்டில் பேசி முடிவெடுங்கள்.

இன்னொன்று. பல மாநிலங்களில் ஓட்டுநர் உரிமப் பட்டியலிலிருந்தும் ஜூரிகளுக்கு, அதாவது நீதிமன்றத்தில் வழக்கைக் கேட்டு முடிவு சொல்லும் பொதுமக்கள் குழுவுக்கு, பெயர் எடுக்கிறார்கள். உங்களுக்கும் அழைப்பு வரலாம். குப்பையில் போட்டுவிடாதீர்கள், 'குடிமகன் அல்ல' என்ற கட்டத்தில் குறியிட்டு, கெடுவுக்குள் திருப்பி அனுப்பிவிடுங்கள்.