வெள்ளைத் தாளை வீட்டிலேயே பழைய தாள் போல மாற்றுவது எப்படி?

பல வருஷத்தில் வரும் பழுப்பையும் சுருக்கத்தையும் ஒரே மதியத்தில் வரவழைப்பதுதான் இந்த வேலை.

பழைய செய்தித்தாள் பழுப்பதற்குக் காரணம், மரக்கூழில் உள்ள லிக்னின். வெளிச்சமும் காற்றும் பட்டுப்பட்டு அது நிறம் மாறும், நறுக்கி வைத்த வாழைக்காய் கறுக்கிற மாதிரி. ஜெராக்ஸ் தாளில் லிக்னினைப் பெரும்பாலும் நீக்கிவிடுவார்கள். மதுரைச் சித்திரை வெயிலில் ஒரு நாள் முழுக்கப் போட்டாலும் அது அசராது. அதனால்தான் டீ தேவைப்படுகிறது. டீயின் துவர்ப்புச் சத்து தாளின் நாரைப் பிடித்துக்கொள்ளும். வேட்டியில் சிந்திய டீக்கறை போக மறுப்பதும் இதனால்தான்.

டிகாஷனைக் கெட்டியாகப் போட்டு ஆறவிடுங்கள். பால், சர்க்கரை கூடாது, எறும்பு வந்துவிடும். தாளைக் கசக்கி விரித்து, தாம்பாளத்தில் ஐந்து நிமிஷம் ஊறவைத்து, மொட்டை மாடியில் நிழலில் காயவிடுங்கள். நாலைந்து காப்பித்தூள் துகளைத் தூவினால் புள்ளிகள் விழும். எனக்கு அதுதான் பிடித்தது. எழுத்தை முன்கூட்டியே பால்பாயிண்ட் பேனாவால் எழுதலாம், மைப்பேனா கலைந்துவிடும். திருமலை நாயக்கர் நாடகத்துக்கு என்றால் தாளை விடுங்கள், பனை ஓலைதான் பொருத்தம்.

டீயில் நனைத்தால் தாள் நிஜமாகவே பழசாகிவிடும் என்று சிலர் நினைக்கிறார்கள். மாறுவது தோற்றம் மட்டும்தான்.