கார் எஞ்சின் நாக்கிங்கை எப்படிக் கண்டறிந்து கட்டுப்படுத்துகிறது?

மேட்டில் ஏறும்போது பெட்ரோல் எஞ்சினில் சில நேரம் எழும் ‘கிணிங் கிணிங்’ என்ற உலோக ஓசையே நாக்கிங். ஸ்பார்க் பிளக் பற்றவைத்த தீ சிலிண்டர் முழுவதும் பரவி முடியும் முன்பே, ஓரத்தில் எஞ்சியிருக்கும் பெட்ரோல்-காற்றுக் கலவை அழுத்தத்தாலும் வெப்பத்தாலும் தானாகவே பற்றிக்கொள்வதால், சிலிண்டர் சுவர் சுத்தியலால் தட்டியதுபோல் அதிர்கிறது.

எஞ்சின் பிளாக்கில் போல்ட்டால் இறுக்கப்பட்ட நாக் சென்சாருக்குள் இருக்கும் படிகம், சமையலறை கேஸ் லைட்டரில் இருப்பதைப் போன்றதே. அழுத்தம் பட்டால் மின்சாரம் தரும். பெரும்பாலும் 5 முதல் 8 கிலோஹெர்ட்ஸ் வரையிலான அதிர்வை, அதுவும் தீப்பொறிக்குப் பிந்தைய மிகச் சிறு நேரத்தில் மட்டுமே எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினி கவனிக்கிறது. வால்வு மூடும் சத்தத்தை நாக்கிங் என்று எண்ணி ஏமாறாதிருக்க இது மிக நுட்பமான ஏற்பாடு. நாக்கிங் தெரிந்ததும் தீப்பொறியை, எஞ்சினின் சுழல்தண்டு (கிராங்க்ஷாஃப்ட்) சில டிகிரி கூடுதலாகச் சுழலும் வரை தாமதப்படுத்தி, பிறகு சிறிது சிறிதாகப் பழைய நிலைக்குத் திருப்புகிறது.

ஆக்டேன் எண் கூடினால் பெட்ரோலின் ஆற்றலும் கூடும் என்று பலர் கருதுகிறார்கள். உண்மையில் அந்த எண், தானாகத் தீப்பற்றாமல் தாங்கும் திறனை மட்டுமே குறிக்கிறது.