மாத்திரைக்கு முன் பரிசோதனை எதற்கு?

கேள்வி: என் மாமியார் கோத்தகிரி அருகே தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்தவர், புகைப்பழக்கம் இல்லாதவர். அவருக்கு அடினோகார்சினோமா வகை நுரையீரல் புற்றுநோய் என்று கோயம்புத்தூரில் கூறினார்கள். சதைத் துணுக்கை மரபணுப் பரிசோதனைக்கு அனுப்பிவிட்டுக் காத்திருக்கச் சொல்கிறார்கள். உறவினர் ஒருவருக்குப் பலனளித்த ஜெஃபிடினிப் மாத்திரையை இவருக்கும் உடனே தொடங்கலாமா?
- வாசகி, கோத்தகிரி

பதில்: கூடாது. அதற்கான காரணம் அம்மருந்தின் வரலாற்றிலேயே இருக்கிறது. 2002-இல் ஜப்பானிலும் 2003-இல் அமெரிக்காவிலும் ஜெஃபிடினிப் அனுமதி பெற்றபோது, அது யாருக்குப் பயன்படும் என்பதை எவராலும் முன்கூட்டிச் சொல்ல இயலவில்லை. சிலருக்குக் கட்டி வியக்கத்தக்க அளவில் சுருங்கியது, பெரும்பாலோருக்குச் சுருங்கவில்லை. பலன் பெற்றோரில் புகைபிடிக்காதவர்களும் பெண்களும் ஆசியர்களும் மிகுதியாக இருந்தனர். உயிரணுவை வளரத் தூண்டும் ஈஜிஎஃப்ஆர் என்னும் புரதத்துக்கான மரபணு, அவர்களுடைய கட்டியில் பிறழ்ந்து ஓயாமல் இயங்கிக்கொண்டிருந்ததே இதற்குக் காரணம் என்பது 2004-இல்தான் தெரியவந்தது. மருந்து முதலில் வந்தது, விளக்கம் பின்னால் வந்தது என்பதை இத்துறையினர் மறக்கலாகாது.

புகைபிடிக்காத பெண் என்பதால் இந்த மரபணு மாற்றம் இருந்தே தீரும் என்று எண்ணத் தோன்றும். ஏறத்தாழ உங்கள் மாமியாரைப் போன்றவர்களிடமே, அதாவது புகைபிடிக்காத அல்லது முன்பு குறைவாகப் புகைபிடித்த, அடினோகார்சினோமா உள்ள ஆசியர்களிடமே, ஐபாஸ் என்ற ஆய்வு நடந்தது. அதன் முடிவுகள் 2009-இல் வெளியாயின. மரபணு பரிசோதிக்கப்பட்டவர்களில் ஏறத்தாழ 60 சதவீதத்தினரிடமே மாற்றம் இருந்தது. அவர்களுக்குக் கீமோதெரபியைவிட மாத்திரை நோயை நெடுநாள் கட்டுப்படுத்தியது. மாற்றம் இல்லாதவர்களுக்கோ கீமோதெரபியே மேலாக இருந்தது. மாத்திரை உண்டவர்களிடம் நோய் விரைவாக முற்றியது. உறவினரின் மாத்திரையைக் கேட்கும்போது நீங்கள் எடைபோட வேண்டிய ஆபத்து இதுவே.

ஈஜிஎஃப்ஆர் மாற்றம் இல்லையெனில் ஏஎல்கே போன்ற வேறொரு மரபணுவில் மாற்றம் தென்படலாம். ஏஎல்கே மாற்றத்துக்கான கிரிசோடினிப் என்ற மருந்து 2011-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. ஈஜிஎஃப்ஆர் மாற்றம் இருந்து மாத்திரை பலித்தாலும், காலப்போக்கில் கட்டி எதிர்ப்புத்திறன் பெறுவது வழக்கம். அவ்வாறு எதிர்ப்புத்திறன் ஏற்பட்டோரில் பாதிக்கும் மேற்பட்டோரிடம் காணப்படும் டி790எம் என்ற புதிய மாற்றத்தை எதிர்கொள்ளவே ஓசிமெர்டினிப் என்ற மருந்து உருவானது. இன்று அதை முதல் மருந்தாகவே பல இடங்களில் தருகிறார்கள்.

விறகடுப்புப் புகை காரணமா என்று மலைப்பகுதி வாசகர்கள் அடிக்கடி கேட்கிறார்கள். அது புற்றுநோயைத் தூண்டக்கூடியதென்று கருதப்படுகிறது, ஆனால் சிகிச்சையைத் தீர்மானிப்பது கட்டியின் மரபணுவே.

துணுக்கு போதாமல் போனால், மலையிறங்கி மீண்டும் ஊசி குத்திக்கொள்ளுமுன், இரத்தத்தில் மாற்றத்தைத் தேட இயலுமா என்று கேளுங்கள். இரத்தத்தில் தென்படாவிட்டால் இல்லையென்று முடிவுகட்டக் கூடாது. மூச்சுத்திணறல் மிகுந்து காத்திருக்க இயலாத நிலை வந்தால், முடிவு வருமுன்னரே கீமோதெரபியைத் தொடங்குவது குறித்து மருத்துவரே தீர்மானிப்பார்.