தட்டு ஏன் அறைக்குப் போனது?

கேள்வி: என் கணவரும் அவருடைய கல்லூரி நண்பர்கள் நான்கு பேரும் சேர்ந்து கோவைக்கு மேற்கே 40 சென்ட் நிலம் வாங்கி, 2019-ல் ஐந்து வீடுகள் கட்டினார்கள். பெற்றோர்கள் தனிமையில் வாடக்கூடாது, எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட வேண்டும் என்று டென்மார்க் முறையில் பொதுச் சமையலறையும் கூடமும் கட்டினோம். சமையலுக்கு ஓர் அம்மா வருகிறார். இப்போது எதற்கெடுத்தாலும் சண்டை. ஒரு வீட்டுக்கு வாராவாரம் விருந்தாளிகள். செலவை மட்டும் ஐந்தாகப் பிரிக்கிறோம். மோட்டார் போடுவதில் தகராறு. ஒருவருடைய நாய் என் வாசலை அசிங்கம் செய்கிறது. ஞாயிற்றுக்கிழமை கறி சமைப்பதில் இரண்டு வீடுகள் பேசிக்கொள்வதே இல்லை. அத்தைக்கு 78 வயது. சோறு வேகவில்லை என்று சொல்லிவிடுவார், மெதுவாகச் சாப்பிடுவார், சாப்பிடும்போது இருமுவார். ஒரு வீட்டம்மா முகம் சுளித்ததால், வம்பு வேண்டாமென்று அவருக்குத் தட்டை அறைக்கே அனுப்பிவிடுகிறேன். பங்கை விற்றுவிட்டு அபார்ட்மென்டுக்குப் போய்விடலாமா?

– ஒரு வாசகி, கோவை

பதில்: நீங்கள் எழுதியது ஆறு பக்கம். இடம் கருதிச் சுருக்கியிருக்கிறேன். விருந்தாளிச் செலவுக்கு ஒன்றரைப் பக்கம், மோட்டாருக்கு ஒரு பக்கம், நாய்க்கு முக்கால் பக்கம். அத்தைக்கு நாலு வரி. படிக்கப் படிக்க நான் அந்த நாலு வரிக்கே திரும்பி வந்துகொண்டிருந்தேன்.

அந்தக் கூடத்தை யாருக்காகக் கட்டினீர்கள்? பெற்றோர்களுக்காக என்று நீங்களேதான் எழுதியிருக்கிறீர்கள். இன்றைக்கு அதில் விருந்தாளிகள் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். 78 வயதுப் பெரியவர் தன் அறையில் தனியாகச் சாப்பிடுகிறார். அந்த வீட்டம்மா முகம்தான் சுளித்தார். தட்டை அறைக்கு அனுப்பியது நீங்கள். வம்பு வேண்டாமென்று செய்தீர்களாம். திருப்பிப் பேசத் தெம்பில்லாத ஒருவரை நகர்த்தி வைத்தால் வம்பு இருக்காதுதான். ஐந்து வீட்டில் வேறு யாரையாவது இப்படி நகர்த்தியிருப்பீர்களா?

சரி, உங்கள் கணவர் எங்கே? நிலம் வாங்கிய கதையில் வருகிறார், அதற்கப்புறம் ஆளைக் காணோம். நண்பர்களோடு கூடத்தில்தான் சாப்பிடுகிறார் என்று நினைக்கிறேன். பெற்ற தாய் பத்தடி தள்ளித் தனியாகச் சாப்பிடும்போது அவருக்கு எப்படிச் சோறு இறங்குகிறது? இந்தப் பக்கத்தை அவரிடம் கொடுங்கள். மாமியாரைப் பார்ப்பது மருமகளின் வேலை மட்டும்தான் என்று சொல்கிறவள் இல்லை நான். அவர் அம்மா, அவர்தான் முதலில் எழுந்திருக்க வேண்டும். 2007-ல் வந்த பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் உணவு, உடை, இருப்பிடம், மருத்துவம் என்று பிள்ளைகளின் பொறுப்பை எழுதி வைத்திருக்கிறது. பக்கத்தில் உட்கார்ந்து, "இன்னும் கொஞ்சம் ரசம் ஊத்தட்டுமாம்மா?" என்று கேட்கச் சொல்லி அதில் எழுதவில்லை. அதையும் எழுதி வைத்தால்தான் மகன் செய்வாரா?

அத்தை சொன்னதில் என்ன தப்பு? இத்தனை பேருக்கு ஒன்றாக வடிக்கிற சோறு உதிரியாகத்தான் வரும். பல் போன வாய்க்கு அது கல். ஒரு சின்னக் குக்கரில் அரிசியும் பருப்பும் குழைய வைத்து இறக்க அரை மணி நேரம் போதும். இத்தனை வருஷத்தில் ஐந்து வீட்டில் ஒருவருக்கும் அது தோன்றவில்லை.

இன்னொன்று. சாப்பிடும்போது இருமுகிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். மற்ற நேரத்தில் இல்லையா? வயதானவர்களுக்கு விழுங்குவதில் சிரமம் வருவதுண்டு. சாப்பாடும் தண்ணீரும் மூச்சுக்குழாய்ப் பக்கம் போனால் நிமோனியா வரை கொண்டுபோய் விடும். அப்படி இருக்கக்கூடிய ஒருவரைக் கதவுக்குப் பின்னால் தனியாகச் சாப்பிட விட்டிருக்கிறீர்கள். புரை ஏறினால் யார் பார்ப்பது? இந்த வாரமே டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போங்கள். அதுவரை, நன்றாக நிமிர்ந்து உட்கார்ந்து, சின்னச் சின்ன வாயாக, பக்கத்தில் ஆள் இருக்கும்போதுதான் அவர் சாப்பிட வேண்டும்.

நான் மதுரையில் காம்பவுண்ட் வீட்டில் வளர்ந்தவள். ஏழு குடித்தனம், ஒரு கிணறு, இரண்டு கக்கூஸ். கொடியில் யார் துணி காய்கிறது என்பதிலிருந்து தினமும் சண்டைதான். என் அம்மாவும் எதிர்வீட்டு அக்காவும் ஓர் ஆடி மாதம் முழுக்க முகம் கொடுத்துப் பேசவில்லை. அந்த ஆடி முழுக்க எதிர்வீட்டுப் பாட்டி எங்கள் திண்ணையில்தான் உட்கார்ந்திருந்தார். நாலு மணிக்கு அம்மா காபி ஆற்றிக் கொண்டுபோய்க் கொடுப்பார். பாட்டியும் குடித்துவிட்டு, "சர்க்கரை பத்தலடி" என்பார். அம்மா மறுபடி உள்ளே போய்ச் சர்க்கரை போட்டுக்கொண்டு வருவார்.

மற்ற சண்டைகளுக்கு வருகிறேன். டென்மார்க் முறை என்கிறீர்கள். கோபன்ஹேகனுக்கு வடக்கே 1972-ல் சேட்டடாமன் என்ற இடத்தில் கட்டிய குடியிருப்பிலிருந்து வளர்ந்த முறை அது. அங்கெல்லாம் ஒவ்வொரு வீட்டிலும் தனிச் சமையலறை உண்டு. பொதுச் சாப்பாடு வாரத்தில் சில ராத்திரிகள்தான், விரும்புகிறவர்கள் வருவார்கள். ஆண்களும் பெண்களுமாக முறை வைத்துச் சமைப்பார்கள். நீங்களோ வீட்டில் ஒரு டீ அடுப்பு மட்டும் வைத்துக்கொண்டு மூன்று வேளையையும் பொதுவாக்கி, எல்லாவற்றையும் சமையல் அம்மா தலையில் வைத்துவிட்டீர்கள். மூன்று வேளையும் ஒரே அடுப்பை நம்பியிருந்தால், கூடப் பிறந்தவர்களுக்குள்ளேயே சண்டை வரும். வீட்டுக்கொரு அடுப்பு மேடை கட்டுங்கள். காலையும் மதியமும் அவரவர் வீட்டில், ராத்திரி கூடத்தில். கறி வேண்டுகிறவர் அவர் அடுப்பில் சமைக்கட்டும். செலவை வீட்டுக் கணக்கில் பிரிக்காமல் இலைக் கணக்கில் பிரியுங்கள். விருந்தாளி இலையும் அதில் சேரும். தண்ணீருக்கு வீட்டுக்கொரு மீட்டர். நாயை வளர்க்கக் கூடாது என்று நீங்கள் தடை போட முடியாது. அது செய்த அசிங்கத்தை அள்ள வேண்டியது வளர்க்கிறவர். இதை வாட்ஸ்அப்பில் போடாமல் நேரில் போய்ச் சொல்லுங்கள்.

விற்பது பற்றி. பத்திரம் ஐந்து பேர் பெயரிலும் பொதுவாக இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். உங்கள் பங்கை விற்கச் சட்டத்தில் தடையில்லை. ஆனால் பிரிக்காத நிலத்தில் ஐந்தில் ஒரு பங்கை வாங்க வருகிறவர் விலையை அடித்துத்தான் கேட்பார். விற்பதென்றால் முதலில் ஐந்து பேரும் பேசிப் பாகப்பிரிவினையைப் பதிவு செய்யுங்கள். அபார்ட்மென்டுக்குப் போனால் மட்டும் என்ன மாறும்? அங்கேயும் கூடத்துக்கு யாராவது வருவார்கள், அத்தை இருமுவார். அப்போது தட்டு எங்கே போகும்?

இன்று ராத்திரி உங்கள் கணவரே போய் அவருடைய அம்மாவின் கையைப் பிடித்துக் கூடத்துக்கு அழைத்து வரட்டும். பக்கத்திலேயே உட்காரட்டும். குழைந்த சோறு ஒரு கிண்ணம் தனியாக இருக்கட்டும். யாராவது முகம் சுளித்தால் சண்டை போடாதீர்கள். உங்கள் இரண்டு பேர் தட்டையும் எடுத்துக்கொண்டு அத்தையோடு அவர் அறைக்குப் போய், மூன்று பேரும் அங்கே உட்கார்ந்து சாப்பிடுங்கள்.