பெட்ரோல் விலை ஏறுகிறது: பழைய காரை கேஸுக்கு மாற்றலாமா, விற்றுவிட்டு மின்சார கார் வாங்கலாமா?

கேள்வி: என்னிடம் எட்டு வருடப் பழைய பெட்ரோல் கார் இருக்கிறது. தினமும் வேலைக்குப் போக வர 40 கிலோமீட்டர், பெரும்பாலும் நகர நெரிசலில். லிட்டருக்கு 12 கிலோமீட்டர் கொடுக்கிறது. விலை ஏறிக்கொண்டே போவதால் கேஸ் கிட் போடச் சொல்கிறார்கள் சிலர். பெட்ரோல் எஞ்சினும் மின் மோட்டாரும் சேர்ந்த ஹைபிரிட் வாங்கு என்கிறார் ஒருவர், மின்சாரம்தான் எதிர்காலம் என்கிறார் இன்னொருவர். எதைக் கேட்பது? அப்புறம், எத்தனால் கலந்த பெட்ரோல் வந்ததிலிருந்து மைலேஜ் குறைந்த மாதிரி இருக்கிறது. இது என் கற்பனையா?

பதில்: உங்களுக்கு யோசனை சொன்ன யாரும் நீங்கள் வருடத்துக்கு எத்தனை லிட்டர் போடுகிறீர்கள் என்று கேட்டிருக்க மாட்டார்கள். முதலில் அதைப் பார்ப்போம். தினம் 40 கிலோமீட்டர், மாதம் 25 நாள் என்றால் வருடத்துக்கு 12,000 கிலோமீட்டர். லிட்டருக்கு 12 என்றால் வருடச் செலவு 1,000 லிட்டர். இனி எல்லாக் கணக்கையும் லிட்டரிலேயே போடுங்கள். பணத்தில் போட்டால் விலை மாறும்போதெல்லாம் மறுபடி போடவேண்டி வரும். கிட் விலை, புதுக் காருக்குக் கூடுதலாகத் தரவேண்டிய தொகை, மின்கட்டணம் என எதுவானாலும் இன்றைய பெட்ரோல் விலையால் வகுத்து, "இது இத்தனை லிட்டர்" என்று எழுதிக்கொள்ளுங்கள்.

கேஸ் இரண்டு வகை. முதலில் எல்பிஜி, அதாவது சமையல் கேஸ் இனம். ஒரு லிட்டர் பெட்ரோலில் இருக்கும் ஆற்றல் ஒரு லிட்டர் எல்பிஜியில் இல்லை. அதே தூரத்துக்கு ஏறக்குறைய கால் பங்கு கூடுதலாகச் செலவாகும். 1,000 லிட்டர் பெட்ரோலுக்குப் பதில் 1,250 லிட்டர் எல்பிஜி. உங்கள் ஊரில் எல்பிஜி பெட்ரோலின் பாதி விலை என்றால், அது 625 பெட்ரோல் லிட்டருக்குச் சமம். கேஸ் கிட் போட்ட காரும் காலையில் பெட்ரோலில்தான் ஸ்டார்ட் ஆகும், எஞ்சின் சூடான பிறகே கேஸுக்கு மாறும். அதற்கு 50 லிட்டர் கழித்தால் வருடத்துக்கு மிச்சம் சுமார் 325 லிட்டர். கிட்டும் பொருத்தும் கூலியும் சேர்ந்து 1,000 லிட்டர் மதிப்பு வருகிறது என்றால், போட்ட பணம் திரும்ப மூன்று வருடம். அப்போது கார் பதினோரு வயதைத் தொட்டிருக்கும். அதுவரை வைத்திருப்பீர்களா என்பதை நீங்கள்தான் சொல்லவேண்டும். எல்பிஜி விலை பெட்ரோலில் முக்கால் பங்கு என்றால் மிச்சம் ஒன்றுமே இல்லை, அந்த யோசனையை அங்கேயே விட்டுவிடலாம்.

இன்னொரு வகை சிஎன்ஜி, அதாவது அழுத்தி அடைத்த இயற்கை எரிவாயு. அதன் கணக்கு வேறு. அது கிலோவில் வரும். ஒரு கிலோ, ஏறக்குறைய 1.4 லிட்டர் பெட்ரோலின் வேலையைச் செய்யும். ஆக உங்களுக்கு வருடத்துக்கு 700 கிலோவுக்குச் சற்று மேல். சாதாரணக் கார் டயரில் காற்றழுத்தம் 2 பார் சொச்சம் (பார் என்பது அழுத்தத்தின் அலகு). சிஎன்ஜி சிலிண்டரில் 200 பார். அதனால்தான் அந்தக் கனம், அந்தத் தடிமன், அதனால்தான் டிக்கியில் பாதி போய்விடுகிறது. எஞ்சினின் இழுவையும் கொஞ்சம் குறையும், மேடு ஏறும்போது தெரியும். கேஸ் பங்க்கில் வரிசை நீளம் என்றால், அங்கே நிற்கும் நேரத்தையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

எந்த கேஸாக இருந்தாலும் பழைய எஞ்சினில் எனக்கு முதல் கவலை வால்வு. கேஸ் உலர்ந்த எரிபொருள். சில எஞ்சின்களில் வால்வு உட்காரும் இடம் வேகமாகத் தேயும். கிட் போடுவதற்கு முன் மெக்கானிக்கிடம் கம்ப்ரெஷன் சோதனை, அதாவது எஞ்சினுக்குள் அழுத்தம் சரியாக நிற்கிறதா என்ற சோதனை, செய்யச் சொல்லுங்கள். அது சரியில்லை என்றால் கிட் வேண்டாம். போட்ட பிறகு பெட்ரோல் டேங்க்கைக் காயவிடும் பழக்கமும் வேண்டாம். டேங்க்குக்குள் இருக்கும் பம்ப்பைக் குளிர வைப்பதே பெட்ரோல்தான். கேஸ்தான் இருக்கிறதே என்று சொட்டுப் பெட்ரோலில் ஓட்டி, பம்ப்பை எரித்துக்கொண்டவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். பதிவுச் சான்றில் எரிபொருள் மாற்றத்தைப் பதிவதும் இன்சூரன்ஸுக்குத் தெரிவிப்பதும் கட்டாயம். இன்னொன்று, எல்பிஜி காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையோடு தேங்கும். அதனால் தரைக்கடி வாகன நிறுத்தத்தில் அந்தக் கார்களை விடாத இடங்கள் உண்டு. சிஎன்ஜி லேசானது, மேலே போய்விடும். காரை எங்கே நிறுத்துகிறீர்கள் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

ஹைபிரிட் உங்களைப் போல நெரிசலில் ஓட்டுபவர்களுக்காகவே பிறந்த மாதிரி. பிரேக் அழுத்தும்போது வீணாகும் ஆற்றலைப் பிடித்து பேட்டரியில் போட்டு, நகரும்போது திருப்பித் தரும். மூன்றில் ஒரு பங்கு பெட்ரோல் குறைவது சாதாரணம், அதாவது உங்களுக்கு 330 லிட்டர். நெடுஞ்சாலையிலேயே ஓடுபவருக்கு இந்த லாபம் கிடைக்காது. ஆனால் பழைய காரை விற்றுப் புது ஹைபிரிட் வாங்க நீங்கள் மேலே போடும் தொகை எத்தனை ஆயிரம் லிட்டர்? அதை 330-ஆல் வகுத்துப் பாருங்கள். எரிபொருளை மிச்சம் பிடிப்பதற்காக மட்டும் கார் மாற்றுவது பெரும்பாலும் தேறாது. எப்படியும் மாற்றப்போகிறீர்கள் என்றால் அது வேறு கதை.

அப்படி மாற்றுவதாக இருந்து, வீட்டிலேயே சார்ஜ் போட இடமும் இருந்தால், நான் மின்சாரக் காரைத்தான் சொல்வேன். காரணம் எளிது. பெட்ரோல் எஞ்சினில் போடும் ஆற்றலில் முக்கால்வாசி சூடாகவே போய்விடுகிறது. மின் மோட்டாரில் நிலைமை தலைகீழ். சிறிய மின்சாரக் கார் 100 கிலோமீட்டருக்கு 15 யூனிட் எடுக்கும், சார்ஜ் ஏறும்போது வீணாவதையும் சேர்த்தால் 17, 18. உங்கள் 12,000 கிலோமீட்டருக்கு 2,100 யூனிட் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு லிட்டர் பெட்ரோல் காசுக்கு வீட்டில் 10 யூனிட் கிடைக்கிறது என்றால் வருடச் செலவு 210 லிட்டர். மிச்சம் 790! எந்த கேஸ் கிட்டும் இதன் பக்கத்தில் வராது. ஆனால் வீட்டில் பிளக் இல்லாமல் பொது அதிவேக சார்ஜரை நம்பித்தான் ஓட்டவேண்டும் என்றால், அங்கே யூனிட் விலையே வேறு. முதலில் அதை விசாரியுங்கள். தினம் 40 கிலோமீட்டருக்கு ராத்திரி சாதாரண பிளக்கே போதும்.

சரி, இதெல்லாம் பின்னால். இந்த வாரமே செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. போன மாதம் ஒருவர் "மைலேஜ் படுத்துவிட்டது" என்று வந்தார். மேலே காலிக் கேரியர், எப்போதோ ஊருக்குப் போனபோது மாட்டியது. டிக்கியைத் திறந்தால் செத்த பேட்டரி ஒன்று, அரைப்பை சிமெண்ட், பழைய தினசரிக் கட்டு. நான்கு டயரிலும் காற்று குறைவு, ஒன்றில் பாதிதான் இருந்தது. கேஸ் கிட் விலை விசாரித்துக்கொண்டிருந்த மனிதரைக் காற்று அடித்து அனுப்பினேன். உங்கள் காரிலும் இதைப் பாருங்கள். அடுத்து, இறக்கத்தில் நியூட்ரல் போடும் பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள். இன்றைய எஞ்சின்கள் கியரில் இருந்து ஆக்சிலேட்டரை விட்டால் பெட்ரோலையே நிறுத்திவிடும், நியூட்ரலில்தான் எஞ்சினை ஓடவைக்கக் கொஞ்சம் செலவாகும். சிக்னலைத் தூரத்திலேயே பார்த்துக் காலை எடுத்துவிடுவது, நெடுஞ்சாலையில் 110-ஐ 90 ஆக்குவது, இவற்றோடு சேர்த்தால் பத்து சதவீதம் குறைக்கலாம். உங்கள் கணக்கில் 100 லிட்டர், முதலீடு இல்லாமல்.

எரிபொருள் குழாயில் மாட்டும் காந்தம், டேங்க்கில் போடும் மாத்திரை, தண்ணீரில் ஓடவைக்கும் பெட்டி, எதையும் வாங்காதீர்கள். அமெரிக்காவின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை இப்படி நூற்றுக்கும் மேற்பட்ட சாதனங்களை ஆராய்ந்தது. மைலேஜைக் குறிப்பிடும்படி கூட்டிய சாதனம் ஒன்றும் அகப்படவில்லை.

எத்தனால் விஷயத்தில் நீங்கள் நினைத்தது கற்பனை இல்லை. எத்தனாலில் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு ஆற்றல் குறைவு. 10 சதவீதக் கலப்பில் மைலேஜ் 3 சதவீதம் அளவுக்கும், 20 சதவீதத்தில் 6, 7 சதவீதம் வரையும் குறையும். உங்கள் 12 கிலோமீட்டர், 11.2 ஆவது இதனால் இருக்கலாம். 9 ஆகியிருந்தால் எத்தனால்மேல் பழி போடாமல் ஸ்பார்க் பிளக்கையும் காற்று வடிகட்டியையும் பாருங்கள். அளப்பதையும் டாஷ்போர்டு எண்ணை நம்பிச் செய்யாதீர்கள். ஒரே பெட்ரோல் பங்க்கில், பம்ப் தானாக நிற்கும்வரை நிரப்பி, கிலோமீட்டரைக் குறித்து, அடுத்த முறையும் அதேபோல் நிரப்பி வகுக்கவேண்டும். மூன்று தடவை எடுத்து சராசரி பாருங்கள். எட்டு வருடக் கார் என்பதால், எந்த அளவு எத்தனால்வரை உங்கள் மாடலுக்கு ஆகும் என்று கையேட்டிலோ டேங்க் மூடியிலோ எழுதியிருக்கும். அதைவிடக் கூடுதலான கலப்பில் ஓட்டிக்கொண்டிருந்தால், அடுத்த சர்வீஸில் எரிபொருள் செல்லும் ரப்பர் குழாய்களைக் கையால் அழுத்திப் பார்க்கச் சொல்லுங்கள். உப்பியிருந்தாலோ வெடிப்பு தெரிந்தாலோ, கேஸ் கிட்டைப் பற்றி யோசிப்பதற்கு முன் அவற்றை மாற்றிவிடுங்கள்.