மூன்று வார இடைவெளிக்காக டெபாசிட்டை உடைக்கலாமா?

கேள்வி: ஆக்லாந்தில் இருக்கிறேன், வயது 66. முப்பது வருடம் தையல் வேலை பார்த்தவள். வெலிங்டனில் நடக்கும் 'வேர்ல்ட் ஆஃப் வேரபிள் ஆர்ட்' என்ற உடைக் கலை நிகழ்ச்சியைப் பார்க்க, என்னோடு சேர்த்து ஐந்து பெண்கள் குரூப் டூரில் போகிறோம். மூன்று இரவு, விமானம், ஓட்டல், டிக்கெட் எல்லாம் சேர்த்து 1,890 டாலர். இருவருக்கு ஓர் அறை என்பதால் நான் மட்டும் மிச்சம். தனி அறைக்கு 430 டாலர் கூடுதல். இப்போது 500 டாலர் முன்பணம், பாக்கியை ஜூலை 31க்குள் கட்ட வேண்டும். சேமிப்பில் 1,500தான் இருக்கிறது. 12,000 டாலர் டேர்ம் டெபாசிட் ஆகஸ்ட் 20ல் முடிகிறது. அதை முன்னாலேயே உடைத்துவிடலாமா?

பதில்: உடைக்காதீர்கள், அம்மா. முதிர்வுக்கு முன்னால் டெபாசிட்டை எடுக்க இங்கே பல வங்கிகள் ஒரு மாத நோட்டீஸ் கேட்கும், வட்டியையும் குறைக்கும். எவ்வளவு குறையும் என்பது உங்கள் ஒப்பந்தத்தில் இருக்கும். ஒரு வருட டெபாசிட், ஆண்டு வட்டியில் இரண்டு சதவீதம் குறையும் என்று வைத்துக்கொண்டால், இதுவரை ஓடிய 11 மாதத்துக்கு 220 டாலர் போச்சு. மூன்று வார அவசரத்துக்கு இது ரொம்ப அதிகம்.

முதலில் அந்த 430ஐப் பார்ப்போம். ஐந்து பேரில் நீங்கள் மிச்சமானது யார் குற்றமும் இல்லை, அப்புறம் ஏன் நீங்கள் மட்டும் சுமக்க வேண்டும்? மூன்று பேர் தங்கும் அறை ஒன்று கிடைக்குமா என்று டூர்காரரிடம் கேளுங்கள். இல்லையென்றால் ஐந்தாகப் பிரித்தால் ஆளுக்கு 86 டாலர். சினேகிதிகளிடம் கேட்கக் கூச்சமாக இருக்கும், தெரியும். முன்பணம் கட்டுவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள். கட்டிய பிறகு கேட்டால் சங்கடம் இரட்டிப்பு.

அடுத்தது, பேக்கேஜில் என்ன இருக்கிறது என்பது. இந்த மாதிரி டூர்களின் பட்டியலில் 'தே பாப்பா அருங்காட்சியகம்' என்று பெரிதாகப் போட்டிருப்பார்கள். நியூசிலாந்தில் வசிப்பவர்களுக்கு அங்கே பொது நுழைவு இலவசம். நிகழ்ச்சி நடக்கும் டி.எஸ்.பி. அரங்கிலிருந்து கடலோரமாக நடந்தே போய்விடலாம். கூட்டம் இல்லாத நேரத்தில், 65 வயதானவர்களுக்கான சூப்பர்கோல்டு சலுகை அட்டையைக் காட்டினால் பஸ்ஸும் இலவசம். அதனால் 'ஊர் சுற்றல்' என்ற வரிக்காக விலையை நியாயப்படுத்தாதீர்கள். விமானம், அறை, டிக்கெட் மூன்றையும் தனித்தனியாக விலை பார்த்துக் கூட்டுங்கள். அதை 1,890லிருந்து கழித்தால் மிச்சம் வரும் தொகை, அலைச்சல் இல்லாமல் கூட்டமாகப் போய்வருவதற்கு நீங்கள் கொடுக்கும் விலை. அது 200, 300 என்றால் நானே கொடுப்பேன்.

டிக்கெட் விஷயத்தில் மட்டும் விடாதீர்கள். எந்த வரிசை, எந்தப் பக்கம் என்று எழுத்தில் வாங்குங்கள். ஒருமுறை என் அக்காவோடு குரூப் டூரில் ஒரு கச்சேரிக்குப் போய், முழு நேரமும் ஒரு தூணைப் பார்த்துவிட்டு வந்தேன். நீங்கள் போகும் நிகழ்ச்சி, கடைக்கு வரப்போகும் துணிகளைக் காட்டும் ஃபேஷன் ஷோ இல்லை. 1987ல் நெல்சன் பக்கம் ஒரு கிராமத்து ஓவியக் கூடத்துக்கு ஆள் சேர்க்க சூசி மான்கிரீஃப் தொடங்கியது. 2005ல் வெலிங்டனுக்கு வந்தது. பல நாட்டுக்காரர்கள் போட்டிக்கு அனுப்பும் உடைகள், மரத்திலும் உலோகத்திலும் செய்தவைகூட, நடனம், இசை, ஒளியோடு மேடைக்கு வரும். தையல் தெரிந்த கண்ணுக்கு, அந்த மரத்துண்டை எப்படி உடம்போடு வளைத்துப் பொருத்தினார்கள் என்பதுதானே வேடிக்கை? கடைசி வரிசையிலிருந்து அது தெரியாது. அறையில் மிச்சமாகும் 344 டாலரில் கொஞ்சத்தை நல்ல இருக்கைக்குப் போடுங்கள்.

சரி, பணம் கட்டும் வழி. முன்பணம் 500ஐ சேமிப்பிலிருந்து கட்டுங்கள். மீதி 1,000ஐத் தொடாதீர்கள், பல் வலி டூர் தேதி பார்த்து வராது. பாக்கியை ஜூலை கடைசியில் கிரெடிட் கார்டில் கட்டி, டெபாசிட் வந்ததும் முழுவதும் அடைத்துவிடுங்கள். கார்டில் பழைய பாக்கி இல்லாமல், பில் கட்டும் கடைசி நாள் ஆகஸ்ட் 20க்குப் பிறகு இருந்தால் வட்டியே கிடையாது. அந்தத் தேதியை இப்போதே வங்கிக்குப் போன் செய்து உறுதிப்படுத்துங்கள். டூர்காரர் கார்டுக்குத் தனிக் கட்டணம் போடுவாரா என்றும் கேளுங்கள். அறைக்கான 86ஐயும் சேர்த்து வரும் பாக்கி 1,476க்கு இரண்டு சதவீதம் என்றால் ஏறத்தாழ 30 டாலர். டூர் நடக்காமல் போனால் கார்டு வழியாகப் பணத்தைத் திரும்பக் கேட்க வழி உண்டு என்பதால் அந்த முப்பது எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை.

பயணக் காப்பீடு எடுப்பதாக இருந்தால் முன்பணம் கட்டும் அன்றே எடுங்கள். பென்ஷன் வரும் ஒவ்வொரு இரண்டு வாரமும் 60 டாலர் ஒதுக்கினால் வெலிங்டன் இரவுச் சாப்பாட்டுக்கு ஆகும். பேக்கேஜில் பெரும்பாலும் காலை உணவு மட்டும்தான்.

இன்னொன்று: ஆகஸ்ட் 20க்கு முன்பே வங்கியிடம் 'புதுப்பிக்க வேண்டாம், கணக்கில் போடுங்கள்' என்று சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால் பல வங்கிகள் தானாகவே மறுபடி டெபாசிட் போட்டுவிடும், கார்டு பில் மட்டும் உங்கள் வாசலில் நிற்கும்.